இரண்டாம் பாகத்தை எடுத்துவிடாதீர்கள்: நம் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

வட்டத்தின் பொறுப்பாளர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

போன இரண்டாம் ஞாயிறு கடலூர் மஞ்சக்குப்பத்து மொட்டை மாடியில் கூட்டம் முடிகிற நேரம். டீ டம்ளர்களை நான் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. கல்லூரிப் பெண்களுக்காக நாம் தொடங்கப்போகும் வாசிப்பு வரிசையில் மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ மட்டும் இருக்கட்டும், அதன் தொடர்ச்சியான ‘தி டெஸ்டமென்ட்ஸ்’ வேண்டாம் என்றீர்கள். "முதல் பாகமே போதும், இரண்டாவது வெறும் திரில்லர்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். எதுவும் சொல்லவில்லை. பஸ் பிடிக்க வேண்டியவர்கள் கிளம்பிவிட்டார்கள், மாடியும் காலியாகிவிட்டது.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் வரிசையில் இருக்கும் நூல்களின் பட்டியல் இப்போது வெளியே போய்விட்டது, மற்ற ஊர்க்காரர்களும் அதைப் பார்த்துத் தங்கள் பட்டியலைப் போடுகிறார்கள். அதனால் என் மறுப்பும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். 1985இல் வந்த முதல் நாவலுக்கு ஈடாக இரண்டாவதைச் சொல்ல முடியாது. அமெரிக்காவைக் கவிழ்த்து எழுந்த கீலேயாத் என்ற மதவாத ஆட்சியில், பெரிய மனிதர்களுக்குப் பிள்ளை பெற்றுத் தர அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை அது. முடிவில் அவள் கறுப்பு வண்டியில் ஏறுகிறாள். அது அவளைக் காப்பாற்ற வந்த வண்டியா, கொல்லக் கொண்டுபோகும் வண்டியா, நமக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவளுடைய சொந்தப் பெயரையாவது யாராவது சொன்னார்களா? எந்த ஆணின் வீட்டில் இருக்கிறாளோ அவன் பெயரை வைத்து ‘ஆஃப்ரெட்’. பிரெடுக்கு உரியவள், அவ்வளவுதான். அந்த இருட்டில் நம்மை நிறுத்திவிட்டு நாவல் முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு பின்னுரை, 2195ஆம் ஆண்டு ஒரு கருத்தரங்கம், அவள் குரல் பதிந்த சுமார் முப்பது ஒலிநாடாக்களை வைத்துக்கொண்டு பேராசிரியர் ஒருவர் பேசுகிறார். அவள் பட்டதெல்லாம் அவருக்கு ஆராய்ச்சிப் பொருள். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

34 ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், ஆசிரியர் அதே உலகத்துக்குத் திரும்பி வருகிறார். இடையில் 2017இல் தொலைக்காட்சித் தொடர் வந்துவிட்டது. கதையில் வருவதுபோல் செவ்வாடையும் வெள்ளைத் தலைமூடியும் அணிந்து பெண்கள் அமெரிக்கச் சட்டமன்றங்களுக்குள் போய் அமைதியாக உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவிக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒரு நேரத்தில் வந்த புத்தகம். எல்லோரும் விடை கேட்டார்கள், அவரும் கொடுத்தார். கொடுத்ததால்தான் நாவல் கெட்டது என்று அன்று நம் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம்.

கெட்டது என்று நீங்கள் காட்டிய இடங்கள் சரியானவை. டேய்ஸி என்ற பெண் கனடாவில் பழைய துணிக்கடை நடத்துகிறவர்களின் மகளாக வளர்கிறாள். அவள்தான் கீலேயாத்திலிருந்து கடத்தப்பட்ட குழந்தை நிக்கோல் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, அவளுக்குத்தான் தாமதமாகத் தெரிகிறது. சில நாள் பயிற்சியில் சண்டை கற்றுக்கொள்கிறாள், எதிரி நாட்டுக்குள் நுழைகிறாள், கையில் பச்சை குத்திய இடத்தில் ரகசிய ஆவணங்கள், அக்காளைக் கண்டுபிடிக்கிறாள், படகில் தப்பிக்கிறாள். கடைசியில் அம்மாவும் வந்துவிடுகிறார். இந்தப் பகுதியை நானும் வேகமாகத்தான் படித்தேன், வேகமாகவே மறந்தும்விட்டேன். முதல் நாவலில் பால் வாங்கக் கடைக்குப் போவதுகூட மூச்சை அடைக்கும். இதில் எல்லையைக் கடப்பதே இலகுவாக நடந்துவிடுகிறது.

சரி, ஆனால் நாவலில் அது மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கை நாம் பேசவே இல்லை. லிடியா அத்தைக்கு அன்று ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

கீலேயாத்தில் மற்றப் பெண்களைப் பழக்கி அடக்கி வைக்கும் பெண்களுக்கு ‘ஆன்ட்’ என்று பெயர். அதற்கு ‘அத்தை’ என்று நான் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தி, பெரியம்மா என்றெல்லாம் போட்டுப் பார்த்தேன். நம் வீடுகளில் வயதுக்கு வந்த பெண்ணை ஓரமாக உட்கார வைத்து, இப்படி உட்காராதே, அப்படிச் சிரிக்காதே என்று சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அத்தைதான். அவரும் பெண்தான், அவருக்கும் அதெல்லாம் வலித்திருக்கும், ஆனாலும் சொல்லிக்கொடுப்பார். அந்த நாட்டின் அத்தைகள் செய்வதும் அதேதான், கையில் மின்சாரத் தார்க்கோல் இருப்பது ஒன்றுதான் வேறு. நாட்டின் பெயரையும் தமிழ் பைபிளில் உள்ளபடி கீலேயாத் என்றே எழுதுகிறேன். பிள்ளையில்லாத ராகேல் தன் பணிப்பெண் பில்காளைக் கணவனிடம் அனுப்பும் ஆதியாகமக் கதையைத்தான் அந்த ஆட்சி சட்டமாக்கி வைத்திருக்கிறது.

லிடியா முன்பு குடும்ப நீதிமன்ற நீதிபதி. புரட்சி நடந்த அன்று அலுவலகத்திலிருந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு விளையாட்டரங்கம். வழக்கறிஞர்கள், நீதிபதிகள் என்று படித்த பெண்களையெல்லாம் படிக்கட்டு வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கழிப்பறை நிரம்பி வழிகிறது, தண்ணீர் இல்லை, துடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மைதானத்தின் நடுவில் தினமும் சிலரைச் சுட்டுக் கொல்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் இருட்டுக் கொட்டடி, உதை. அப்புறம் திடீரென்று ஒரு ஓட்டல் அறை, சுடுநீர், நல்ல சாப்பாடு. இத்தனையும் ஆன பிறகு தளபதி ஜட் எதிரில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்கிறான், எங்களோடு சேர்கிறீர்களா என்று. அடுத்து அதே அரங்கத்தில் லிடியாவின் கையில் துப்பாக்கி. எதிரே நிற்பவர்களும் பெண்கள்தான். அவர் சுடுகிறார்.

இதை எங்கே எழுதுகிறார் என்று பாருங்கள். பெண்கள் படிக்கவே கூடாத நாட்டில், படிக்க அனுமதி உள்ள ஒரே பெண்கூட்டம் அத்தைகள். அவர்கள் வாழும் அர்டுவா ஹால் நூலகத்தில் கார்டினல் நியூமனின் தன்வரலாற்று விளக்க நூலை நடுவில் குடைந்து, அதற்குள் தன் கையெழுத்துப் பிரதியை ஒளித்து வைக்கிறார். அந்த ஆட்சியின் எல்லாப் பெரிய மனிதர்களுடைய அழுக்கும் அவர் கோப்பில் இருக்கிறது. பல ஆண்டுகள் சேர்த்து வைத்து, கடைசியில் அந்தக் கோப்பைத்தான் எல்லை தாண்டி அனுப்புகிறார்.

நம் புதுச்சேரித் தம்பி அன்று ஒரு கேள்வி கேட்டார். கூட இருந்து எல்லாம் செய்துவிட்டு எழுதியும் வைத்தவளுக்கு என்ன மரியாதை என்றார். அது நல்ல கேள்வி. யாரும் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். தம்பி, உங்கள் ஊரில்தான் அந்தக் கேள்விக்கு ஒரு வீடே இருக்கிறது. பெரிய மார்க்கெட் பக்கத்தில் ரங்கப்பிள்ளை தெருவில் போகும்போது பார்த்திருப்பீர்கள். துய்ப்ளே பிரெஞ்சு கவர்னராக இருந்த காலத்தில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னரோடு உட்கார்ந்து பேசியவர், வியாபாரத்தில் லாபம் பார்த்தவர், அதிகாரத்துக்குள்ளேயே இருந்தவர். 1748 முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்களே, அது எப்படி நடந்தது, யார் யார் என்ன சொன்னார்கள் என்று நமக்கு இன்று தெரிவது அவர் உட்கார்ந்து எழுதியதால். அவர் போய்ச் சேர்ந்து 80 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அந்த ஏடுகளை எடுத்துப் பார்த்தார்கள்.

பிள்ளையையும் லிடியாவையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். லிடியாவின் கையில் ரத்தம் இருக்கிறது, அதை அவரே மறைக்கவில்லை. நான் சொல்ல வருவது வேறு. உள்ளே இருந்தவர்கள் எழுதி வைக்காவிட்டால், உள்ளே நடந்தது வெளியே வருவதற்கு வேறு வழி இருப்பதில்லை. எழுதியவர் நல்லவரா என்ற கேள்வியை அந்த எழுத்தை வைத்துத்தான் நாம் கேட்கவே முடிகிறது. முதல் நாவல் கொடுமைக்கு ஆளானவளின் குரல். இரண்டாவதின் உயிர், கொடுமையைத் தன் கையால் நடத்தியவளின் குரல். முதலாவதைத் திரும்ப எழுதாமல் அதற்கு எதிர்ப்பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தார் ஆசிரியர். தொடர்ச்சி என்று ஒன்று எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வட்டத்தில் பலருக்கு நான் ‘டைப்பிஸ்ட் அக்கா’. டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு இருபத்திரண்டு வயதில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. ஒருநாள் மதியம் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒன்று டைப் அடிக்க வந்தது. வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த 41 பேர், ஏழு நாளில் காலி செய்ய வேண்டும். மூன்று கார்பன் வைத்து அடித்தேன். 17ஆவது பெயரில் விரல் நின்றது. எங்கள் பிரிவைப் பெருக்கி, பானையில் தண்ணீர் பிடித்து வைக்கும் அம்மாவின் பெயர். அப்பா பெயரும் ஒத்துப்போனது. நான் அந்த வரியை முடித்தேன், 18க்குப் போனேன். சாயந்திரம் அவர் வந்து மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, "வரட்டா பாப்பா" என்று கேட்டார். வாங்கம்மா என்றேன். நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும் வரைக்கும் அவருக்குத் தெரியாது.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குடிசை நின்றிருக்காது. ஆனால் தட்டுமுட்டுச் சாமான்களை முன்கூட்டியே எங்காவது கொண்டுபோய் வைத்திருப்பார். அவ்வளவு நேரமாவது கிடைத்திருக்கும். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி யாரும் என்னை மிரட்டவில்லை. அப்படி ஒரு எண்ணமே அந்த நிமிடம் எனக்கு வரவில்லை. அது வேலை, அடித்தேன். இதுதான் உண்மை.

மூன்றாவது கார்பன் நகலை மட்டும் மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டிரங்குப் பெட்டியில் கூறைப்புடவைக்கு அடியில் கிடந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து பெட்டிக்குள் தண்ணீர் போனது. தாள் மடிப்போடு மடிப்பாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரிக்கும்போது நடுவில் கிழிந்தது. இப்போது 41இல் ஏறத்தாழ பாதிப் பெயர்களைத்தான் படிக்க முடிகிறது.

‘தி டெஸ்டமென்ட்ஸ்’ நாவலைத் திறந்தால் இரண்டு பெண்களின் கதைக்கும் மேலே "சாட்சி வாக்குமூலம் 369 ஏ", "369 பி" என்று எண் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்தவுடனேயே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். லிடியா அளவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யும் நிலையிலும் இல்லை. ஆனால் படிப்படியாக ஒரு மனிதர் எப்படி உள்ளே இழுக்கப்படுகிறார், எந்த இடத்தில் முதல் வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார் என்று அந்தப் பக்கங்களில் இருப்பதை வேறெந்தக் கதையிலும் நான் இவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

நம் வாசிப்பு வரிசைக்கு வரப்போகிற பெண்களில் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் முன்னாலும் ஒரு பட்டியல் வரும். இப்போது கார்பன் இல்லை, கம்ப்யூட்டர்தான். அவர்களுக்கு ஆஃப்ரெட்டைக் கொடுங்கள், கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் ஆஃப்ரெட்டை மட்டும் கொடுத்தால், கொடுமை என்பது தங்களுக்கு நடக்கக்கூடிய ஒன்று என்று மட்டும் தெரிந்துகொண்டு போவார்கள். தாங்கள் நடத்தக்கூடிய ஒன்று என்பதையும் ஒரு கதை அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

டேய்ஸியின் அக்கா ஆக்னெஸின் பகுதியையும் நீங்கள் தொடவில்லை. அது எனக்கு இன்னொரு வருத்தம். வேறொரு தளபதியின் வீட்டில் செல்லமாக வளர்ந்த பெண். ஜட்டுக்கு மனைவியாகப் போவதிலிருந்து தப்ப அத்தைகளோடு சேர்ந்து, வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். பள்ளியில் விடாலா அத்தை ஒரு பைபிள் கதை சொல்லியிருப்பாள், நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரம், பன்னிரண்டு துண்டாக வெட்டப்பட்ட மறுமனையாட்டியின் கதை. அந்தப் பெண் தன் தவறுக்குப் பரிகாரமாகத் தானே முன்வந்து பலியானாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஆக்னெஸ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிறகு அவள் தோழி பெக்கா அதே பக்கத்தைத் திறந்து காட்டுகிறாள். அப்படி ஒரு வரியே அங்கே இல்லை. அவளை வெளியே தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. துப்பாக்கிச் சத்தம், துரத்தல் ஒன்றும் இல்லாத அந்த அறையில்தான் என்னைப் பொறுத்தவரை அந்த ஆட்சி விழத் தொடங்குகிறது. திரில்லர் என்று ஒதுக்கினீர்களே, அந்தத் திரில்லரின் உச்சக்காட்சி ஒரு பெண் ஒரு பக்கத்தைத் தானே படிப்பது.

ஒரு குறையை நான் உங்களைவிடக் கடுமையாகவே சொல்வேன். லிடியாவின் ஆவணங்கள் கனடாவில் வெளியானதும் கீலேயாத் உள்ளுக்குள் அடித்துக்கொண்டு சரியத் தொடங்குகிறது. அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள் சொல்கிறேன், காகிதம் வெளியே வந்தால் மட்டும் எதுவும் சரிவதில்லை. வந்த காகிதத்தைப் பொய் என்பார்கள், கோப்பைக் காணோம் என்பார்கள், எடுத்துக் கொடுத்தவரை இடமாற்றுவார்கள். இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார். ஆனால் அவருக்கும் அது தெரிந்திருக்கிறது என்று பின்னுரை காட்டுகிறது. 2197ஆம் ஆண்டுக் கருத்தரங்கில் அதே பேராசிரியர் லிடியாவின் பிரதி போலியாகவும் இருக்கலாம் என்கிறார். உயிரைக் கொடுத்து எழுதிய தாளுக்கு அந்த அளவுதான் மதிப்பு. அந்தப் பக்கத்தையும் நாம் பேசியிருக்க வேண்டும்.

எல்லை தாண்டுவது சினிமாத்தனம் என்று சொன்ன தோழருக்கு ஒரு செய்தி. நீங்கள் ஒவ்வொரு மாதமும் பஸ்ஸில் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டித்தான் இங்கே வருகிறீர்கள். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டிகளை நிறுத்திப் பையில் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அதே எல்லையில் பத்திரிகைக் கட்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1908இல் பாரதி பிரெஞ்சு மண்ணுக்குப் போய் ‘இந்தியா’ பத்திரிகையை அங்கிருந்து நடத்தியபோது, அது பிரிட்டிஷ் பகுதிக்குள் வரக்கூடாது என்று தடுத்தார்கள். பத்து வருடம் ஒற்றர்கள் அவர் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1918 நவம்பரில் அவர் எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் பிடித்து, நம் ஊர்ச் சிறையில்தான் அடைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு எல்லை, கடத்தல், ரகசியத் தாள் என்பதெல்லாம் வெளிநாட்டுக் கதை மாதிரித் தோன்றக் காரணம், நம் சொந்தக் கதையை நாமே அவர்களிடம் சொல்லாததுதான். இந்த நாவலோடு சேர்த்து அதையும் சொல்லலாமே.

2019இல் புக்கர் பரிசை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்ததை வைத்து, பழைய புகழுக்குக் கொடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். பகிரக்கூடாது என்ற விதியையும் மீறித்தான் நடுவர்கள் பெர்னார்டின் எவரிஸ்டோவுக்கும் அட்வுட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது சரியா தவறா என்ற வழக்கு நமக்கு வேண்டாம். பரிசை வைத்து இந்த நூலைச் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். முழு நாவலும் நீளம், ஆங்கிலம் வேறு கடினம் என்றால், லிடியாவின் பகுதிகளையும் ஆக்னெஸ் படிக்கக் கற்கும் அத்தியாயங்களையும் மட்டுமாவது சேருங்கள். டேய்ஸியின் சாகசத்தை யாராவது பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், நஷ்டம் இல்லை. அத்தையா சித்தியா என்ற கேள்வியையும் அந்தப் பெண்களிடமே விட்டுவிடலாம், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

விளையாட்டரங்கப் பகுதியைப் படித்துப் படித்து, அதில் நடப்பதை என் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டில் பன்னிரண்டு பக்கம் வந்திருக்கிறது. வரும் இரண்டாம் ஞாயிறு டீ வருவதற்கு முன்னால் அதை வாசிக்க எனக்கு இருபது நிமிடம் கொடுங்கள். அந்தக் கார்பன் தாளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வருகிறேன். அந்த வாய்க்கால் கரைப் பக்கத்தில் இருந்தவர்களை அறிந்தவர்கள் நம்மில் யாராவது இருந்தால், கிழிந்துபோன பெயர்களைச் சேர்த்துப் படிக்க உதவுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து
உங்கள் டைப்பிஸ்ட் அக்கா